ஒருத்தியும் திரும்பவில்லை

தன் கணவர் மனநல ஆஸ்பத்திரியில் இருப்பது தனக்கும் மகளுக்கும் டீச்சரக்காவுக்கும் மட்டுமே தெரியும் என்று தையல்காரம்மா நம்பிக்கொண்டிருந்தாள். கல்யாண வயதில் பெண்ணை வைத்துக்கொண்டு வேறு யாரிடம் வாய் திறப்பாள்? வெளியூரில் வேலை என்று சொல்லிச் சமாளித்துவந்தாள்.

டீச்சரக்கா பங்குக் கோயிலின் மாதர் சபைத் தலைவி; ஞானஸ்நானத்தில் மகளை ஏந்திய ஞானத்தாய். ஏழு மாதத்துக்கு முன்னால் கோயில் பீடத்துணிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தபோது, தையல்காரம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. மெஷினை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். டீச்சரக்கா அவள் தலையைத் தோளில் சாய்த்து, இது என்னோடு மண்ணுக்குள் போகிற ரகசியம் என்றாள்.

சபையின் ஜெபமாலை செவ்வாய்தோறும். ஆஸ்பத்திரியில் பார்க்க விடுவதும் அன்றைக்குத்தான் என்பதால், தையல் வேலை தலைக்குமேல் இருக்கிறது என்று சொல்லி அவள் ஜெபத்துக்குப் போவதில்லை. அந்த வாரம் டாக்டர் வரவேண்டாம் என்றதால், சபையிலுள்ள நர்ஸம்மா வீட்டில் நடந்த ஜெபத்துக்குப் போனாள். தாமதமாகிவிட்டது. சத்தமில்லாமல் கதவோரம் உட்கார்ந்தாள்.

ஜெபமாலையின் கடைசிப் பத்து மணி முடிந்து மன்றாட்டு தொடங்கியது. ஒருத்தி மகனின் பரீட்சைக்காக, இன்னொருத்தி முழங்கால் வலிக்காக. டீச்சரக்கா கண்ணை மூடிக்கொண்டு உருகினாள்.

"ஆண்டவரே, புத்தி பேதலிச்சு ஆஸ்பத்திரியில இருக்கிற நம்ம தையல் சகோதரியோட கணவருக்காக..."

 எல்லாத் தலையும் தன் பக்கம் திரும்பப்போகிறது என்று தையல்காரம்மா ஜெபமாலையை இறுக்கிப் பிடித்தாள். ஒருத்தியும் திரும்பவில்லை. "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று, முழங்கால் வலிக்குச் சொன்ன அதே குரலில் சொன்னார்கள். இது அவர்களுக்குப் பழைய சேதி.

வட்டத்தில் ஒரு நீலப் புடவை தெரிந்தது. மகளைப் பார்த்துப் பிடித்துப்போய், பிறகு காரணம் சொல்லாமல் ஒதுங்கிய மாப்பிள்ளையின் அத்தை. அவளும்தான் கேட்டருளும் என்றாள்.

ஜெபம் முடிந்து வாசலில் டீச்சரக்கா தையல்காரம்மாவைக் கண்டதும் வெளிறிப்போனாள்.

"நாலு பேர் சேர்ந்து கேட்டா கடவுள் இரங்குவாருன்னுதான்மா சொன்னேன்."

"கடவுள்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாமேக்கா. அவர் யார்கிட்டயும் போய்ச் சொல்லமாட்டார்."

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னபோதுதான் அழுதாள். மகள் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். பிறகு, அடுத்த செவ்வாய் நானும் அப்பாவைப் பார்க்க வருகிறேன், யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்லிவிட்டே போகலாம் என்றாள். சொன்னபடியே போனார்கள். யாரும் கேட்கவில்லை, எல்லாம் தெரிந்தவர்களுக்குக் கேட்க என்ன இருந்தது?

தையல்காரம்மா சபையிலிருந்து தன் பெயரை எடுத்துவிட்டாள். பூசையை விடவில்லை. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் பகிரும்போது, நாலு வரிசை தாண்டி வந்து டீச்சரக்கா கைகூப்பினாள். கண் கலங்கியிருந்தது. தையல்காரம்மாவும் கைகூப்பி, "சமாதானம்" என்றாள். மனசிலிருந்து வரவில்லை. அதை ஆண்டவரிடம் அப்படியே சொல்லிவிட்டு, மன்னிக்காத மனசோடு நற்கருணை வாங்கக் கூடாதென்று, போகாமல் முழந்தாளிட்டிருந்தாள்.