மூச்சு நின்ற மதியம்

ராதாகிருஷ்ணனின் கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போயிருந்தார்கள். கிள்ளான் நகரத்து வீட்டின் கூடத்தில் இறந்தவரின் தம்பிகள் இருவரும் பாய் விரித்துப் படுத்துவிட்டார்கள். பெரியவன் சுகுமாறன், சின்னவன் லோகன். சுகுமாறனின் மனைவி புனிதா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய்ச் சத்தத்தையும் மீறி இருவரின் குறட்டையும் கேட்டது.

ராதாகிருஷ்ணனுக்கு நாற்பத்தாறு வயதுதான். படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அவருடைய அப்பா பக்கிரிசாமியும் அப்படித்தான் போனார். மாரடைப்பு என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை. "அது வந்து உக்காந்துடுச்சு" என்பார்கள். நெஞ்சின்மேல் ஏறி உட்காருகிற ஏதோ ஒன்று. பெண்களை விட்டுவிட்டு ஆண்களை மட்டும் தேடி வருவது. அதற்காக வாசல் நிலையில் ஆணி அடித்தார்கள், ஆண்கள் இடுப்பில் தாயத்து கட்டினார்கள். ராதாகிருஷ்ணன் இடுப்பிலும் அது கட்டியபடியேதான் இருந்தது.

திடீரென்று குறட்டை நின்றது. இருவருடையதும் ஒரே சமயத்தில். புனிதா குழாயை மூடினாள். விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

சமையலறை வாசற்படியில் வள்ளியம்மா நின்றுகொண்டிருந்தாள், ராதாகிருஷ்ணனின் மனைவி.

"கேக்குதா?" என்றாள் மெல்ல.

"என்னாண்ணி? ஒன்னும் கேக்கலையே."

"அதான் புனிதா. அதத்தான் சொல்றேன்."

கூடத்திலிருந்து முதலில் ஒரு திணறல், அதன் பின்னாலேயே இன்னொன்று. மறுபடி குறட்டை தொடங்கியது.

"அவருக்கும் இப்படித்தான் நிக்கும், அப்புறம் வந்துடும்" என்றாள் வள்ளியம்மா. "அன்னைக்கு வரல. உலுக்குனேன், கத்துனேன். வரவே இல்ல."

புனிதா ஈரக்கையோடு போய்க் கணவனை உலுக்கினாள். "எந்திரிங்க. சத்தம் போடாதீங்க. தம்பியப் பாருங்க."

கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்த சுகுமாறன் பார்த்தான். லோகன் மல்லாந்து கிடந்தான். குறட்டை ஏறி ஏறிப் போய், நடுவில் அறுந்தது. வாய் திறந்தே இருந்தது. நெஞ்சும் வயிறும் எக்கி எக்கி ஏறி இறங்கின. மூக்கில் மட்டும் காற்றே இல்லை. உதடு கறுத்துக்கொண்டு வந்தது. சுகுமாறன் கையை நீட்டினான், தொடப் பயந்து இழுத்துக்கொண்டான். அந்தத் தடித்த கழுத்தும் உள்வாங்கிய சின்னத் தாடையும் அவனுடையவைதான். தன் பிணத்தைத் தானே பார்ப்பதுபோல் இருந்தது.

லோகன் உடம்பைத் தூக்கிப் போட்டு, பெரிதாக மூச்சிழுத்துக் கண்ணைத் திறந்தான்.

"என்னாண்ணே? ஏன் என்னையே பாக்குற?"

"நீ மூச்சு விடலடா."

"அட போண்ணே, நல்லா தூங்கிக்கிட்டு இருந்தேன்லா." திரும்பிப் படுத்தான்.

சுகுமாறன் மனைவியைப் பார்த்தான். "நானும் இப்படியா?"

"தினமும்."

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடைக்கு மேல்மாடியில் டாக்டர் ஃபர்ஹானாவின் கிளினிக் இருந்தது. சுகுமாறனை விரலிலும் மூக்கிலும் கருவி மாட்டி வீட்டிலேயே தூங்கச் சொன்னார். முடிவு வந்த சனிக்கிழமை காலை, சுகுமாறனும் புனிதாவும் ஒன்பது வயது மகள் தாமரையையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

சுகுமாறன் தயங்கித் தயங்கி, நெஞ்சில் வந்து உட்காருவதைப் பற்றிக் கேட்டான். டாக்டர் சிரிக்கவில்லை.

"வெளியேர்ந்து ஒன்னும் வரல அண்ணே. தூங்கும்போது உங்க தொண்டைச் சதை தளர்ந்து வழிய மூடிக்குது. அப்பாவோட முகம், தாடை, தொண்டை அமைப்பெல்லாம் பிள்ளைங்களுக்கு வருதில்ல, அதோட இதுவும் வரும். இந்த ஒரு மரபணுதான்னு கைகாட்ட முடியாது, பல சேர்ந்து வருது. எடை ஏறினா இன்னும் மோசமாகும்."

"எங்கண்ணன் இதனாலதான் போனாரா?"

"அத நான் இப்ப சொல்ல முடியாது. ஆனா ஒவ்வொரு தடவ மூச்சு நிக்கும்போதும் ஆக்சிஜன் இறங்குது, இருதயம் பதறிப் போகுது. வருஷக்கணக்கா இப்படியே நடந்தா பிரஷர் ஏறும், துடிப்பு தாறுமாறாகும், ஸ்ட்ரோக் வரலாம். உங்களுக்கு பிரஷர் இப்பவே அதிகம். காத்த அழுத்தி உள்ள அனுப்பி வழிய திறந்து வைக்கிற மெஷினோட மாஸ்க் போட்டுத் தூங்கணும். தம்பியையும் வரச் சொல்லுங்க."

வீடு திரும்ப சென்ட்ரல் நிலையத்தில் கொமியூட்டர் புறநகர் ரயில் ஏறினார்கள். நல்ல வெயில், பெட்டிக்குள் குளிர். தாமரை அப்பாவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். அவள் வாய் மெல்லத் திறந்தது. பூனைக்குட்டி மாதிரி ஒரு சின்னக் குறட்டை. இவ்வளவு நாளும் அதைக் கேட்டு இருவரும் சிரித்திருக்கிறார்கள்.

அது நின்றது.

சுகுமாறன் அசையவில்லை. எதிர் சன்னல் கண்ணாடியில் அவனுடைய முகமும் மகளின் முகமும் அடுத்தடுத்துத் தெரிந்தன. ஒரே தாடை. எதிரே இருந்த பெண் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியில் யாருக்கும் எதுவும் நடக்கவில்லை. குழந்தையின் கழுத்துக் குழி மட்டும் உள்ளே உள்ளே போனது. அவன் விரலால் அவள் மோவாயைத் தூக்கினான். மூச்சு சீறிக்கொண்டு வந்தது. தாமரை விழிக்கவில்லை.

"பொம்பளப் பிள்ளைங்கள விட்டுடும்னு சொன்னாங்களே, புனிதா."

"யாருங்க பாத்தா? பொம்பளைங்க தூங்கும்போது இந்த வீட்டுல யாராச்சும் முழிச்சிருந்தாங்களா?"

அடுத்த நிலையத்திலேயே இறங்கினார்கள். எதிர்ப்பக்க மேடைக்கு ஏறிப்போய், வந்த வழியே கிளினிக்குக்குத் திரும்பினார்கள். தூங்கும் பிள்ளையைச் சுகுமாறன் தோளில் சுமந்திருந்தான். தாயத்துக் கயிறு வியர்வையில் நனைந்து இடுப்பை அறுத்தது.

தாமரைக்கு டான்சில் வீங்கி வழியை அடைத்திருந்தது, தாடையும் சிறியது. பள்ளி விடுமுறையில் ஆபரேஷன் செய்தார்கள். தாடை வளர வளர வந்து காட்டச் சொன்னார்கள். சுகுமாறன் மாஸ்க் மாட்டிக்கொண்டான். முதல் வாரம் கழற்றிக் கழற்றி எறிந்தான், பிறகு பழகிவிட்டது. பிரஷரும் கொஞ்சம் இறங்கியது.

லோகன்தான் மசியவில்லை. "மூஞ்சில குழாய மாட்டிக்கிட்டு எவன் தூங்குவான்?" என்றான்.

ஒரு ஞாயிறு மதியம் தன் வீட்டு சோபாவில் தூங்கியவன் திணறி விழித்தபோது, தலைமாட்டில் நாற்காலி போட்டு வள்ளியம்மா உட்கார்ந்திருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. இமைக்காமல் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாண்ணி... என்ன பண்றீங்க?"

"பாத்துக்கிட்டு இருக்கேன். நீ தூங்கு."

"அண்ணி, பயமா இருக்குலா."

"எனக்கும்தான் லோகன். டெஸ்டுக்குப் போற வரைக்கும் இங்கதான் உக்காந்திருப்பேன்."

திங்கட்கிழமை அவன் பிரிக்பீல்ட்ஸ் போனான்.