சாய்பலகையை யார் விரிப்பது

பேருந்து வந்து நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது, கிளம்பவில்லை. எதிர்ப்பக்க நடைபாதையில், பூட்டிய கடை ஒன்றின் முன்னால் காத்திருந்த அண்ணன் எட்டி எட்டிப் பார்த்தார். சக்கர நாற்காலியில் இருந்த தங்கையைப் பேருந்து மறைத்துக்கொண்டிருந்தது. அது நகர்ந்ததும் காலியான நிறுத்தத்தைக் கண்குளிரப் பார்த்துவிட்டு அலுவலகம் போகலாம் என்று நினைத்திருந்தார்.

"கிட்ட வராதண்ணா, எதிர்ப்பக்கமே நில்லு" என்று வீட்டிலேயே சொல்லித்தான் கூட்டிவந்திருந்தாள். இன்று அவளுக்கு நூலகத்தில் முதல் நாள் வேலை. பள்ளிக்கூடம், கல்லூரி, கல்யாண வீடு, ஆஸ்பத்திரி என்று எங்கே போனாலும் அவளை முதுகில் சுமந்து போனவர் அவர்தான். அவருக்கு அது ஒருநாளும் பாரமாக இருந்ததில்லை. பாரமெல்லாம் அவளுக்குத்தான். "ஒரே ஒரு டிக்கெட் எடுத்துட்டு நானா போயி நானா வரணும்" என்பாள். சின்ன வயதிலிருந்து அவள் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

அதற்கான விதிகளை எழுதியதே அவர்தான். நலத்துறையில் ஒருங்கிணைப்பு அதிகாரி. மற்ற துறைகளை ஒரே மேசையில் உட்காரவைத்து, எழுந்து போகாமல் பார்த்துக்கொள்கிற உத்தியோகம். சாலைத் துறை நிறுத்தங்களில் மேடை கட்டியது. போக்குவரத்துக் கழகம் முன்கதவோரம் சக்கர நாற்காலி உருண்டு ஏற மடக்குச் சாய்பலகை வைத்த பேருந்துகளை வாங்கியது. அந்தப் பலகையை யார் விரிப்பது என்ற கேள்வி வரும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. நடத்துநர் கிடையாது, டிக்கெட்டும் ஓட்டுநரே கொடுக்கிறார், அவர் இருக்கையை விட்டு எழக் கூடாது என்றது கழகம். "ஸ்டாப் எங்களுது, பஸ் உங்களுது. உள்ள நாங்க எப்படிக் கை வைக்கிறது?" என்றார் சாலைத் துறைப் பொறியாளர். நிறுத்தத்துக்கு நிறுத்தம் நிறுத்தி வைக்க நலத்துறையில் ஆள் இல்லை என்று இவரும் தன் பங்குக்குச் சொன்னார். இழுபறி முடிகிற வழியாக இல்லை. மனிதர் அலுத்துப்போய், 'துறைகள் பின்னர் கலந்து முடிவு செய்யும்' என்று எழுதிவிட்டார். எல்லார் முகமும் மலர்ந்தது. கையெழுத்துப் போட்டார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், பிஸ்கட் சாப்பிட்டார்கள்.

அன்று சாயங்காலம் தங்கை, "எல்லாம் பேசி முடிச்சாச்சாண்ணா?" என்று கேட்டாள். முடிச்சாச்சு என்றார். அவ்வளவு சந்தோஷமாக இருந்த முகத்திடம் வேறென்ன சொல்வது என்று அப்போது தோன்றியது.

பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கின. அவர் சாலையைக் கடந்து ஓடினார்.

மேடைக்கும் பேருந்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. கதவோரம் பலகை மடங்கியே இருந்தது. 'ஊழியர் தவிர யாரும் தொடக் கூடாது' என்று அதன்மேல் ஒட்டியிருந்தார்கள். பயணிகள் இரண்டு பேர் குனிந்து, "நாங்க தூக்கி விட்டுடறோம்மா" என்று கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வேண்டாங்க" என்றாள் தங்கை. இரண்டு கைகளும் சக்கரங்களை இறுக்கிப் பிடித்திருந்தன.

"என்மேல கோவப்படாதம்மா" என்றார் ஓட்டுநர். "நான் எந்திரிச்சா என் வேலைக்கு வேட்டு. மத்தவங்க அதத் தொட்டாலும் என்னத்தான் கேப்பாங்க."

அண்ணன் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். "நான் நலத்துறை. நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு, குனிந்து கொக்கியை விடுவித்தார். பலகை சத்தமே இல்லாமல் விரிந்தது. இவ்வளவு லேசான காரியமா என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

அவள் உடனே ஏறவில்லை. பலகையைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"முடிச்சாச்சுன்னு சொன்னியேண்ணா."

அவர் பலகையின் விளிம்பைக் காலால் அழுத்திப் பார்த்தார்.

"சரி, நீ ஏத்தி விட்டுடுவ. இறங்கறப்போ யாரு விரிப்பா?"

ஹாரன் சத்தம் கூடியது. உள்ளே யாரோ, "சீக்கிரம் ஆகட்டும் சார்" என்றார்.

"நானும் வரேன்" என்றார் அவர். அவருக்கே கேட்காத குரலில்தான் சொன்னார்.

அவள் சக்கரத்தைத் தள்ளி, தானாகவே ஏறினாள். அவர் பலகையை மடக்கிவிட்டுப் பின்னாலேயே ஏறினார். காலையிலிருந்து உள்ளங்கையில் மடித்து வைத்திருந்த பணத்தை அவள் ஓட்டுநரிடம் நீட்டினாள்.

"ரெண்டு" என்றாள்.

கிழித்துக் கொடுத்ததில் ஒன்றைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இன்னொன்றைத் திரும்பிப் பார்க்காமலே தோளுக்கு மேலாகப் பின்பக்கம் நீட்டினாள்.