இடஞ்சுற்றிய போர்வை

திரௌபதி டீச்சரின் வாயை அடைக்க வேண்டும். கனகலதா போர்வை தைக்க உட்கார்ந்ததே அதற்காகத்தான். பிரியம், பாசம் எல்லாம் இருந்தது. இல்லையென்று யார் சொன்னது? ஆனால் முதல் காரணம் அதுதான்.

பின்னே என்ன? பதினொரு வருடமாக ஒரு பௌர்ணமி விடாமல் டீச்சரோடும் அவள் வீட்டுக்காரர் மூர்த்தியோடும் திருவண்ணாமலையில் மலையைச் சுற்றி வருகிறாள். பதினாலு கிலோமீட்டர், வெறுங்காலில். சுற்றி முடித்துக் காலை நீட்டி உட்கார்ந்ததும் டீச்சர் ஒவ்வொரு தடவையும் அதையே சொல்வாள்.

“நாங்க சாமிய சுத்தறோம் கனகா. நீ வாய்க்கு வேலை குடுக்க வர்ற.”

கனகலதா ஜைனப் பெண். தமிழ் ஜைனர்களான நயினார் வீட்டில் பிறந்து நயினார் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். அவர்கள் வழக்கப்படி பொழுது சாய்ந்துவிட்டால் பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படாது. வழியெல்லாம் மற்றவர்கள் டீ குடிக்கிறார்கள், சுண்டல் தின்கிறார்கள். சும்மா கிடக்கிற வாய் பேசாமல் வேறென்ன செய்யும்? அதற்காக நடந்ததெல்லாம் நடையில்லை என்று ஆகிவிடுமா? சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வாள். ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்று தைக்கும்.

இந்த வருடம் டீச்சருக்குத் தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு வந்தது. கூடவே ஓசூருக்கு மாற்றலும் வந்தது. மே மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று கேட்ட அன்று கனகலதாவுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே செங்கம் ரோட்டில் இருக்கும் தன் தையல் கடையில் துணி மூட்டையைப் பிரித்துவிட்டாள். ஓசூரில் குளிர் ஜாஸ்தி. ஒட்டுத்துணியில் ஒரு போர்வை தைத்துக் கொடுத்தால்? சும்மா போர்வை இல்லை. நடுவில் மலை, சுற்றிலும் கிரிவலப் பாதை, பாதையில் எட்டு லிங்கம். ஒவ்வொரு லிங்கத்துக்கும் மூன்று பேரும் நடந்த நடையிலிருந்து ஒரு துணி. நான் வாய் பேச மட்டும் வரவில்லை, ஒவ்வொரு அடியும் எனக்கு ஞாபகம் இருக்கிறது என்று அது சொல்ல வேண்டும்.

எம லிங்கத்துக்கு, அங்கே டீச்சருக்குக் கால் பிசகியபோது கட்டுப்போட்ட துப்பட்டா. வருண லிங்கத்துக்கு, அடைமழையில் மூன்று பேரும் ஒண்டிய குடைத் துணி. குபேர லிங்கத்துக்கு மூர்த்தியின் கைலி. அங்கே கூட்டம் நெரித்ததில் அது கிழிந்து, அவர் துண்டைக் கட்டிக்கொண்டு மீதி வழி நடந்தார். ஒவ்வொரு துண்டிலும் லிங்கத்தின் பெயரை நூலால் எழுதினாள். இருபது நாள் வேலை. ஜாக்கெட் கேட்டு வந்தவர்களிடமெல்லாம் நாளைக்கு நாளைக்கு என்று பொய் சொன்னாள்.

முடிந்ததும் கடைத் தரையில் விரித்து, புருஷன் சாந்திநாதனைக் கூப்பிட்டுக் காட்டினாள். பெருமை தாங்கவில்லை. சாந்திநாதன் குனிந்து பார்த்தார். விரலை வைத்துப் பாதையோடு நகர்த்தினார். திரும்ப ஆரம்பத்துக்கு வந்து இன்னொரு தடவை நகர்த்தினார்.

“ஏம்மா, இது இடமா சுத்துதே?”

“என்னது?”

“முதல்ல இந்திர லிங்கம், அடுத்து அக்னி, அப்புறம் எமன். சரிதான். ஆனா எல்லாம் இடது பக்கமா போவுது பாரு. இந்த ஊர்ல ஆடு மாடுகூட மலைய வலமாத்தான் சுத்தும்.”

கனகலதா தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தவறு எங்கே என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. தையல்காரர்கள் குறி போடுவது துணியின் உள்பக்கத்தில். இருபது வருடக் கைப்பழக்கம். கோயில் வாசலில் வாங்கிய கிரிவல வரைபடத்தை அப்படித்தான் உள்பக்கம் வைத்துக் குத்தி, கோட்டின் மேலேயே மெஷினை ஓட்டிவிட்டாள். துணியைத் திருப்பியதும் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாக மாறிப்போனது. ஜாக்கெட்டுக்கு இடம் வலம் மாறினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அண்ணாமலைக்கு?

பிரித்துத் தைக்க நேரமில்லை. விடிந்தால் அவர்கள் சாமான் ஏற்றுகிறார்கள். பிரித்தாலும் ஊசிப் பொத்தல் அத்தனையும் துணியில் பல்லை இளிக்கும்.

“சொல்லாம குடுத்துடு. போத்திக்கிட்டுத் தூங்கப் போறாங்க, சுத்தவா போறாங்க?” என்றார் சாந்திநாதன்.

“நீங்க வேற! அவ டீச்சருங்க. பேப்பர் திருத்தற மாதிரி திருத்துவா.”

போர்வைக்குப் பதிலாக ஒரு எவர்சில்வர் குடம் வாங்கிக் கொடுத்துவிடலாமா என்றும் யோசித்தாள். ஆனால் ராத்திரி பாயில் படுத்தபோது குடத்தை நினைத்தாலே அழுகை வந்தது. போர்வையைத்தான் கொடுப்பது, வருவது வரட்டும் என்று முடிவு செய்தாள்.

காலை ஒன்பது மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. டீச்சர் வீட்டு வாசலில் மினி லாரி நின்றது. பீரோ ஏறிவிட்டது, கட்டில் ஏறிக்கொண்டிருந்தது. கனகலதா பொட்டலத்தை நீட்டியதும் டீச்சர் அங்கேயே, லாரியில் ஏற்ற வைத்திருந்த மேசையின் மேல் பிரித்து விரித்தாள்.

“அடிப்பாவி! எப்போடி தைச்ச இதெல்லாம்?”

குடைத் துணியைத் தடவினாள். கைலியைப் பார்த்துச் சிரித்து மூர்த்தியைக் கூப்பிட்டாள். அவர் வந்து பார்த்துவிட்டு, “என் மானத்த நூல் போட்டுத் தைச்சிட்டியேம்மா” என்றார். இப்போதே சொல்லிவிடலாமா என்று கனகலதா வாயைத் திறப்பதற்குள் டீச்சரின் விரல் இந்திர லிங்கத்தில் போய் உட்கார்ந்தது. அங்கிருந்து புறப்பட்டது. அக்னி லிங்கத்தைத் தாண்டவில்லை, நின்றுவிட்டது.

டீச்சரின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

“கனகா. இது இடமா போவுது.”

“ஆமா. உள்பக்கம் வெச்சு...”

“பதினொரு வருஷம். நூறு தடவைக்கு மேல சுத்தியிருக்கோம். மலை எந்தப் பக்கம் இருக்கும்னுகூடத் தெரியலயா உனக்கு?” குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால்கூடப் பரவாயில்லை. “நான் விளையாட்டுக்குத்தான் சொல்லிட்டிருந்தேன், நீ வாய்க்கு வேலை குடுக்க வர்றன்னு. நிஜந்தானா அப்போ? என்னத்தப் பாத்துட்டு நடந்த நீ?”

மெஷின், வரைபடம், கைப்பழக்கம் என்று ராத்திரி முழுக்க யோசித்து வைத்த சமாதானத்தையெல்லாம் கனகலதா ஓரமாகத் தள்ளினாள்.

“உன்னத்தான் பாத்தேன்” என்றாள்.

டீச்சர் நிமிர்ந்தாள்.

“மலைப் பக்கமா நீ நடப்ப. இந்தப் பக்கம் நான் வருவேன். திரும்புனா உன் மூஞ்சிதான் தெரியும். உன்னத் தாண்டி மலை எங்க தெரியும் எனக்கு? சாமி உனக்கு. நான் உங்கூட நடக்கத்தான் வந்தேன், வேற எதுக்கும் வரல. அத வாய்க்கு வேலைன்னு சொன்னா சொல்லிக்கோ.” மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “அடுத்த பௌர்ணமிக்கு நான் யார் மூஞ்சியப் பாத்துட்டு நடக்கறது? அத நெனச்சுக்கிட்டேதான் இருபது நாளும் தைச்சேன். மலை எந்தப் பக்கம் இருந்தா எனக்கென்ன?”

கட்டிலைத் தூக்கியவர்கள் அப்படியே நின்றார்கள். மூர்த்தி தொண்டையைச் செருமிவிட்டு, போர்வையை மடிக்கப் போனார். “குடு, மெத்தையோட வெச்சிடறேன்.”

“தொடாதீங்க” என்றாள் டீச்சர்.

போர்வையை எடுத்து உதறினாள். தோளைச் சுற்றி, தலையையும் மூடி, இழுத்துப் போர்த்திக்கொண்டாள். திருவண்ணாமலை மே மாத வெயிலில், நடுத்தெருவில்.

“அடியே, நூத்தி நாலு டிகிரிடி! மயக்கம் போட்டு வுழப் போற!” என்று கத்தினார் மூர்த்தி.

“நீங்க கட்டில ஏத்துங்க.”

வியர்வை நெற்றியிலிருந்து வழிந்து மூக்கு நுனியில் நின்றது. கண்ணும் அதோடு சேர்ந்து வழிந்தது. டீச்சர் கனகலதாவின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.

“பௌர்ணமிக்கு வந்துடுவேன். ஓசூர் என்ன சீமையிலயா இருக்குது, காலையில பஸ் ஏறுனா மத்தியானம் இங்க. ஆனா ஒண்ணு.”

“என்ன?”

“இனிமே மலைப் பக்கமா நீ நட. நான் உன்னப் பாத்துட்டு வர்றேன்.”