ஏழு நிமிஷம், ஒரு டோக்கன்

பெண்ணியத்தில் தனக்குப் பதினெட்டு ஆண்டு அனுபவம் என்று இசைத்தட்டு வெளியீட்டாளர் போகிற இடத்திலெல்லாம் சொல்லிக்கொள்வார். ஓட்டுநர் உரிமம் போல அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். ஒரு பெண் பேச வாயெடுத்தால் போதும், எடுத்து நீட்டிவிடுவார். அவர் நீட்டி முழக்கி முடிப்பதற்குள் அவள் சொல்ல வந்தது ஆறிப்போயிருக்கும்.

அன்று காலை ‘எதிர்ப்பேச்சு’ குழுவின் மூன்று பெண்களும் அவருடைய ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பாடுகிறவள் ஆயத்த ஆடை ஆலையில் காலர் தைப்பவள். டிரம்ஸ் அடிப்பவள் அதே ஆலையில் தைத்த துணியைச் சரிபார்ப்பவள், பாடகிக்கு நாத்தனார். கிடார்காரி, பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். ‘பங்க்’ என்கிற மேல்நாட்டுக் கோப இசைதான், ஆனால் கால் சும்மா நிற்காது. பட்டன் துளை போடும் மெஷினின் தடதடப்பிலிருந்து நாத்தனார் பிடித்த தாளம் அது. அண்ணியும் நாத்தனாரும் ஒரே குழுவில் இரண்டு வருஷம் தாக்குப்பிடித்ததுதான் இசையைவிடப் பெரிய அதிசயம் என்று வீட்டில் பேச்சு.

முதல் ஆல்பம். பெயர் ‘டோக்கன்’. மாதிரித் தட்டு வந்திருந்தது. மூன்று பெண்களும் ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டால்தான் ஆயிரம் தட்டு அச்சாகும். அந்த நிபந்தனையை ஒப்பந்தத்தில் சேர்த்தவர் வெளியீட்டாளரே. சேர்த்ததைப் பற்றி இரண்டு பேட்டியும் கொடுத்திருந்தார்.

ஒலிப்பதிவாளர் தட்டில் முள்ளை வைத்தார். பேசாத மனிதர், எல்லாருக்கும் ‘மௌனி’.

முதலில் ஒரு ஆண் தொண்டையைச் செருமுவது கேட்டது. பிறகு, “பெண் என்பவள்…” என்று தொடங்கி மூன்று நிமிஷம் நாற்பது விநாடிக்கு வெளியீட்டாளரின் குரல் ஓடியது. அதற்கு அப்புறம் பாட்டு.

பாட்டு வந்த வேகத்தில் முடிந்துவிட்டது.

“எங்க பாட்டு ஏழு நிமிஷம் சார். பாதியைக் காணோம்” என்றாள் பாடகி.

“ஒரு பக்கத்துல இருபத்திரண்டு நிமிஷம்தாம்மா கொள்ளும். முன்னுரை வேணும்ல? உங்க கோபத்தை ஜனங்களுக்கு யாராவது விளக்கணும்ல?” வெளியீட்டாளர் செம்பு பாட்டிலைத் திறந்து வெந்நீரை மடமடவென்று குடித்தார். குரல்வளம் கெடக் கூடாதென்று அரை மணிக்கு ஒரு பாட்டில். அது மூன்றாவது.

வெட்டுப்பட்டது எந்த இடம் என்பதைத் தெரிந்துகொள்ள ஆலைக்குள் போக வேண்டும். அங்கே ஒரு வரிசைக்கு நாற்பது பெண்கள், ஒரே ஒரு பிளாஸ்டிக் டோக்கன். கழிப்பறைக்குப் போகிறவள் கையில் அது இருக்க வேண்டும், ஏழு நிமிஷத்தில் திரும்ப வேண்டும். ஏழு மாத வயிற்றோடு பாடகி ஒருநாள் ஒன்பது நிமிஷம் எடுத்துக்கொண்டாள். மறுநாள் சூப்பர்வைசர் டோக்கன் தரவில்லை. நனைந்த புடவையோடு அதே ஸ்டூலில் சாப்பாட்டு மணி வரைக்கும் காலர் தைத்தாள். அன்றைக்கு ஒரு தையல்கூடக் கோணவில்லை. தன்னிடம் அவளால் மன்னிக்க முடியாதது அதுதான்.

நாத்தனார் கைக்கடிகாரத்தை வைத்து அளந்து செய்த பாட்டு இது. டோக்கன் வாங்குவது, ஓடுவது, கதவுக்கு முன்னால் நான்கு பேருக்குப் பின்னே நிற்பது, திரும்ப ஓடிவருவது. நிற்கிற இடத்தில் சொல்லே கிடையாது. டிரம்ஸும் மூச்சும் மட்டும். மூன்று நிமிஷம் நாற்பது விநாடி.

“க்யூவைத் தூக்கிட்டீங்க” என்றாள் பாடகி. “உங்க வெட்டுல நான் டோக்கன் வாங்கறேன், உடனே மெஷினுக்கு வந்துடறேன். போகவே இல்ல. சூப்பர்வைசரும் இதைத்தான் சார் கேட்டான்.”

“அப்படி இல்லம்மா, என் தங்கச்சிங்க மாதிரி நினைச்சு…”

“கூடப்பிறந்த தங்கச்சி பேச்சை வெட்டிட்டுதான் பேசுவீங்களா?” என்றாள் டீச்சர்.

நாத்தனார் கைப்பையிலிருந்து சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை உரித்து, அவர் குரல் இருந்த வளையத்தைக் குறிபார்த்துத் தட்டின் மேல் ஒட்டினாள். ஆலையில் பழுதான துணிக்கு ஒட்டுவது. “திரும்பத் தைக்க அனுப்புங்க அண்ணி.”

வெளியீட்டாளருக்கு முகம் சிவந்தது. “அழைப்பிதழ் போயாச்சு. விளையாடறீங்களா? ஏழு நிமிஷம் யாராலயும் உட்கார்ந்து கேக்க முடியாதும்மா!”

“நீங்க கேப்பீங்களா?” பாடகி எழுந்தாள். “இப்பவே வாசிக்கறோம். முழுசாக் கேளுங்க. அப்புறமும் வெட்டணும்னு சொன்னா மூணு பேரும் கையெழுத்துப் போட்டுடறோம்.”

“அண்ணி!” என்றாள் நாத்தனார்.

“நீ போய் உட்காரு.”

“பதினெட்டு வருஷமா கேட்டவன்மா நான்” என்று வெளியீட்டாளர் நாற்காலியில் சாய்ந்தார்.

மௌனி சிவப்பு விளக்கைப் போட்டார். விளக்கு எரியும்போது எக்காரணம் கொண்டும் கதவைத் திறக்கக் கூடாது என்று வாசலில் பெரிய பலகை தொங்கும். கீழே வெளியீட்டாளரின் கையெழுத்து.

டிரம்ஸ் இறங்கியது. டீச்சரின் கிடார் தகரத்தைக் கிழித்தது. பாடகி டோக்கனைக் கேட்டாள், பிடுங்கினாள், ஓடினாள். இரண்டாவது நிமிஷத்தில் வெளியீட்டாளர் கால் மேல் கால் போட்டார். மூன்றாவதில் காலை மாற்றினார். க்யூ வந்தது. தாளம் மட்டும், தாளத்துக்கு நடுவே பாடகியின் மூச்சு. அவர் கதவைப் பார்த்தார், சிவப்பு விளக்கைப் பார்த்தார், மௌனியைப் பார்த்தார். மௌனி மைக்கைப் பார்த்தார்.

ஐந்தாவது நிமிஷத்தில் வெளியீட்டாளரின் முழங்கால்கள் துள்ள ஆரம்பித்தன. குதிகால் தட்டியது. இடுப்பு இப்படியும் அப்படியும் அசைந்தது. தாளம் தப்பவே இல்லை. அந்த இசைக்கு அவர் உடம்பு ஆடியது அதுதான் முதல் தடவை.

“இன்னும் எவ்வளவு நேரம்மா?” என்றார், ஈனஸ்வரத்தில்.

யாரும் நிறுத்தவில்லை. பாடகி கண்ணை அவர் மேலிருந்து எடுக்காமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

விளக்கு அணைந்த மறுநொடி நாற்காலி காலி. கழிப்பறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அவர் திரும்பி வரும்வரை நாத்தனார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒன்பது நிமிஷம் சார்.”

டீச்சர் சிரித்துவிட்டாள். பாடகி சிரிக்கவில்லை. ஒப்புதல் தாளை அவர் முன் தள்ளினாள். “எங்க வெட்டணும்? சொல்லுங்க.”

வெளியீட்டாளர் பேனாவைத் திருகினார். “எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அந்தக் காத்திருக்கற இடம் மட்டும்… ரொம்ப நீளம்மா.”

“ஆமா சார். நீளம்தான்.”

அவர் அவளைப் பார்த்தார்.  பேனா தாளில் ‘முன்னுரை’ என்ற வரியை அடித்தது.

மௌனி வாயைத் திறந்தார். “இப்ப வாசிச்சதுதான் நல்லா வந்திருக்கு. நடுவுல சார் குரல் விழுந்திருக்கு. எடுத்துடவா?”

“வேண்டாம்” என்றாள் பாடகி. “க்யூவுல நிக்கற எல்லாரும் கேக்கறதுதான் அது.”

மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். பாடகி மணியைப் பார்த்தாள். ஆலையில் இரண்டு மணிக்கு ஷிஃப்ட். பஸ் ஏறும் முன் கூடத்துக் கழிப்பறைக்குப் போனாள். கதவைச் சாத்திக்கொண்டு, அவசரப்படாமல், அடுத்த பஸ்ஸும் போகட்டும் என்று உள்ளே இருந்தாள்.