துவைக்காமல் அளந்த லாபம்

பனியன் கம்பெனியின் துணிப் பரிசோதனை அறையில் வாஷிங் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே, ஐம்பது சென்டிமீட்டர் சதுரம் வரைந்த இரண்டு துணித் துண்டுகள். மெஷின் நிற்கும்வரை அனுசுயாவுக்கு வேலையில்லை. போனை எடுத்தாள். நேற்று அறுபத்தெட்டாயிரம் காட்டிய கிரிப்டோ கணக்கு இன்று அறுபத்து நாலாயிரம் காட்டியது. போனைக் கவிழ்த்து வைத்தாள். கொஞ்ச நேரத்தில் நிமிர்த்தினாள். அதே அறுபத்து நாலுதான்.

போன செப்டம்பரில் அது முழுசாக ஒரு லட்சம். அவளும் கணவன் ராஜ்கமலும் ஐந்து வருஷம் மாசாமாசம் மியூச்சுவல் ஃபண்டில் போட்டு வந்தது. ஒன்பது வயது மகள் ஜோதிகா அருப்புக்கோட்டையில் அனுசுயாவின் அக்கா வீட்டில் வளர்கிறாள். இவர்கள் இருப்பது லைன் வீட்டில் ஒற்றை அறை, இருவருக்கும் ஷிஃப்ட். பிள்ளையை அழைத்து வர வேண்டுமென்றால் இரண்டு அறை வீடு வேண்டும். வீடும் பார்த்தாயிற்று. அட்வான்ஸ் ஒரு லட்சத்து இருபதாயிரம். மே முப்பதுக்குள் கட்டச் சொல்லியிருந்தார் வீட்டுக்காரர்.

பற்றாமல் இருந்தது இருபதாயிரம்தான். ஓவர்டைம் பார்த்திருந்தாலே சேர்ந்திருக்கும். ஆனால் ஒரு கிரிப்டோ காயின் இரண்டு வருஷத்தில் ஒன்றுக்கு இரண்டாகியிருப்பதாக யாரோ காட்ட, ஃபண்டிலிருந்து எடுத்து அத்தனையையும் அதில் போட்டார்கள். ஜனவரியில் அது ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் ஆனது. அன்றைக்கே எடுத்திருக்கலாம். "இன்னும் ஒரு மாசம் விடு. பிள்ளைக்குக் கட்டிலும் பீரோவும் சேர்ந்துரும்" என்றான் ராஜ்கமல். அவளும் தலையாட்டினாள். கட்டில் எந்தப் பக்கம் போடுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். அப்புறம்தான் அது இறங்கத் தொடங்கியது.

"ஏனுங்க அம்மிணி, பாஸ் பண்ணியாச்சுங்களா?" என்று கேட்டபடி உள்ளே வந்தார் கட்டிங் மாஸ்டர் தங்கதுரை. "புது மில்லுத் துணி எழுபத்தி நாலு இஞ்ச் அகலம் வருதுங்க. பழைய மில்லுல எழுபத்தி ரெண்டுதான். நமக்கு பீஸ் எச்சா வுழுகும் பாருங்க."

"இருங்கண்ணே. காயட்டும்."

காய்ந்த துண்டுகளை விரித்து ஸ்கேல் வைத்தாள். பழைய மில் துணியில் ஐம்பது சென்டிமீட்டர், நாற்பத்தெட்டரையாகக் குறைந்திருந்தது. புது மில் துணியில் நாற்பத்தாறு.

"எட்டு பர்சன்ட் சுருங்குதுண்ணே. இழுத்து அகலமாக்கி அனுப்பிருக்காங்க. பாஸ் பண்ண முடியாது."

"பாக்கறதுக்கு அகலமாத்தானுங்க இருக்குது?"

"பாக்குறதெல்லாம் அளவாண்ணே? துவைச்சுக் காஞ்சப்புறம் எவ்வளவு நிக்குதோ அதுதான் அளவு."

கவிழ்ந்து கிடந்த போனைத் தங்கதுரை ஒருமுறை பார்த்தார். அவள் காயின் வாங்கிய கதை கட்டிங் செக்‌ஷன் முழுக்கத் தெரியும்.

"துணிய மட்டும் இத்தனை சோதிக்கறீங்க. அந்தக் காயினை அன்னைக்கு எந்த மெஷின்ல போட்டுப் பாத்தீங்க? வந்த லாபத்தை மட்டும் பாத்துப்போட்டு வாங்கிட்டீங்களாட்ட இருக்குதுங்க."

கேலியாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, புது ரோல்களை ஓரமாக வைக்கச் சொல்லப் போய்விட்டார். அனுசுயாவுக்குத்தான் ஸ்கேலைப் பிடித்த கை அப்படியே நின்றது.

சாப்பாட்டு நேரத்தில் அவள் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. துணியின் எடை இடத்துக்கு இடம் எவ்வளவு மாறுகிறது என்று கணக்குப் போடுவதற்கு லேப் கம்ப்யூட்டரில் ஒரு ஷீட் உண்டு. எடைக்குப் பதிலாக, காயினை வாங்குவதற்கு முந்தைய இருபத்து நாலு மாத ஏற்ற இறக்கத்தை அதில் அடித்தாள். பக்கத்தில் பழைய ஃபண்டின் கணக்கையும் அடித்தாள்.

காயின் சராசரியாக மாதம் நாலரை சதவீதம் தந்திருந்தது. சும்மா பேங்கில் போட்டாலே அரை வரும். அதைக் கழித்தால் நாலு. ஆனால் அந்த நாலுக்காக அது மாதாமாதம் மேலும் கீழும் ஆடியது இருபது. ஃபண்ட் தந்தது ஒன்றரை. அரையைக் கழித்தால் ஒன்று. ஆட்டமோ வெறும் நாலு. ஒரு ரூபாய் லாபத்துக்குக் காயினில் ஐந்து ரூபாய் ஆட்டம். ஃபண்டில் நாலு ரூபாய். பட்ட பாட்டுக்குப் பலன் என்று பார்த்தால், அவள் விட்டு வந்த ஃபண்டுதான் மேல். வாங்கிய அன்றைக்கே இந்த எண்களெல்லாம் போனில் இருந்தவைதான். அவள்தான் பார்க்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரர் போன் செய்தார். "கோவிச்சுக்காதீங்க அம்மிணி. முப்பதாந் தேதியும் தாண்டிருச்சுங்க, வேற ஆளு அட்வான்ஸ் குடுத்துட்டாங்க." அவளால் சரிங்க என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

அதற்குப் பிறகு ஜோதிகாவிடம் பேசுவதைத் தள்ளிப்போட முடியவில்லை.

"ம்மா, புது ஸ்கூல்ல என்ன கலர் யூனிஃபார்ம்?"

"ஜோதி... இந்த வருசம் அங்கேயே படி தங்கம். வீடு கிடைக்கல."

"அப்ப அடுத்த வருசமா?"

"அடுத்த வருசம்."

"சரிம்மா. இரு, அம்மா சாப்பிடக் கூப்பிடுறாங்க" என்றவள் சட்டென்று, "பெரியம்மா கூப்பிடுறாங்க" என்று திருத்திக்கொண்டாள்.

ஜோதிகா பேசி வைத்த பிறகும் அனுசுயா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ராஜ்கமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவனுக்கும் கேட்டிருந்தது.

"இந்தா பாரு அனு, புதுசா ஒரு காயின். ஒரே மாசத்துல மூணு மடங்கு. இருக்குற அறுபத்து நாலை இதுல தள்ளுனா தீபாவளிக்குள்ள புள்ளையக் கூட்டியாந்துரலாம்."

"எவ்வளவு ஆடிருக்கு?"

"என்னது?"

"மூணு மடங்கு ஏறுச்சுங்கிறீங்க. அதுக்கு முன்னாடி எவ்வளவு இறங்குச்சு? எத்தனை தடவை?"

அவன் போனைப் பார்த்தான்.

"இனிமே லாபம் எவ்வளவுன்னு மட்டும் சொல்லாதீங்க. அந்த லாபத்துக்கு எவ்வளவு ஆபத்துன்னும் சேத்துச் சொல்லுங்க. ரெண்டையும் சேத்து அளந்தாத்தான் அது லாபக் கணக்கு. ஆடுற இடத்துல பணம் போடறவங்க போடட்டும், போனா போகட்டும்னு நினைக்கிற பணத்தைப் போடட்டும். இன்ன தேதிக்கு வேணும்னு எடுத்து வச்ச பணம் அங்க போகக்கூடாது." அவள் குரல் உயரவே இல்லை. "நாம போட்டது பணம் இல்லைங்க. நம்ம புள்ள நம்மகூட இருக்க வேண்டிய ஒரு வருசம்."

ராஜ்கமல் போனை அணைத்தான்.