கவிழ்ந்த மஞ்சள் கிண்ணங்கள்

அடையாற்றங்கரைக் குடியிருப்புக்குப் பின்னால் புதர் மண்டிய காலிமனை ஒன்று உண்டு. அதில் சிமெண்ட் போட்டு கார் நிறுத்துவதா வேண்டாமா என்று அன்று மாலை சங்கக் கூட்டம் முடிவு செய்ய இருந்தது. "அங்க எத்தனை வகைப் பூச்சி வாழுது தெரியுமா?" என்று போன கூட்டத்தில் பூச்சியியல் மாணவி தாரணி வாயை விட்டிருந்தாள். "எண்ணிக் காட்டும்மா, பாப்போம்" என்றார் செயலாளர் ராஜரத்தினம். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். எண்ணிப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டார்.

காலையிலேயே புதர்களுக்கிடையே மஞ்சள் கிண்ணங்களை வைத்து சோப்புத் தண்ணீர் ஊற்றினாள் தாரணி. பூவென்று நம்பி வந்து விழும் பூச்சிகளை மாலையில் வடிகட்டி வகை பிரிக்க வேண்டும். ஆசையாய்த் திரும்பி வந்தால் அத்தனை கிண்ணங்களும் கவிழ்ந்து கிடந்தன! விழுந்திருந்த குளவிகளையும் வண்டுகளையும் எறும்புகள் இழுத்துப் போய்க்கொண்டிருந்தன. மாநகராட்சியிலிருந்து கொசு ஒழிப்பு வேலைக்கு வரும் தேவானை பக்கத்தில் நின்று கையை உதறிக்கொண்டிருந்தாள்.

"யாரு கொட்டச் சொன்னது? அறிவில்ல?" தாரணி கத்தியே விட்டாள்.

"இன்னா பொண்ணே, இப்டி கத்துற? தண்ணி தேங்குனா கொசு வரும். கொட்றதுதான் என் வேலை."

விஷயத்தைக் கேட்டதும் தேவானையின் முகம் வாடிவிட்டது. "ஒரு சீட்டாவது எயுதி வச்சிருக்கலாம்ல?" என்றாள். நியாயம்தான். படித்த மூளைக்கு அது தோன்றவேயில்லை.

கூட்டத்துக்குத் தாரணியின் பின்னாலேயே தேவானையும் வந்து கதவோரம் நின்றாள்.

"ஒண்ணும் கிடைக்கல சார்" என்று முணுமுணுத்தாள் தாரணி.

"அப்ப பூச்சி இல்லன்னு எழுதிரலாமா?" ராஜரத்தினம் பேனாவை எடுத்தார்.

"இல்லாம இல்ல சார். நெறைய இருந்துச்சு. நான்தான் கொட்டிட்டேன்" என்றாள் தேவானை.

"எத்தனை இருந்துச்சு?"

"நான் எண்ணலியே. எண்ண வந்த பொண்ணு இதுதான். இன்னொரு தபா வைக்க வுடுங்க."

"கேக்காம கொட்டுனதுக்கு உன் மேலதான் புகார் எழுதணும்."

"எயுதிக்கங்க சார், தேவானைன்னு. பூச்சி இல்லன்னு மட்டும் எயுதிடாதீங்க."

நிரந்தரமில்லாத வேலை, ஒரு புகார் போதும், சீட்டைக் கிழித்துவிடுவார்கள். அது தெரிந்தே நிமிர்ந்து நின்றாள் அந்த மனுஷி. ராஜரத்தினம் பேனாவை மூடினார். "சரி, அடுத்த கூட்டம் வரைக்கும் பொறுப்போம்."

வெளியே வந்ததும் தாரணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கத்துனதுக்கு மன்னிச்சிருங்கக்கா."

"அத்த வுடு. நாளிக்கு எந்நேரம் வைக்கப்போற, சொல்லு. அந்நேரம் நான் அடுத்த தெருவப் பாத்துக்கினு இருக்கேன்."