இசபெலின் பெயருக்கு மூன்று ஓலை

இங்குச் சொல்லப்படும் ஒவ்வொரு சொல்லும் மெய். குமரிமுனையில் மூன்று கடலும் கைகோத்து நிற்கும் இடத்தைத் தொட்டு ஆணையிட்டுச் சொல்லப்படுவது. ஒரு கடல் பொய்யுரைத்தால் மற்ற இரண்டும் காட்டிக்கொடுத்துவிடும் என்பது கற்றறிந்த உமக்குத் தெரியாததன்று. ஊரின் பெயரை மட்டும் கேளாதீர். சொன்னால் பேருந்தேறிப் போய்க் கேட்டறிந்துவிடுவீர். அது கதைக்கும் நல்லதன்று, உமக்கும் வீண் அலைச்சல்.

கடியப்பட்டணத்துக்குச் சற்று அப்பால், பாறைகள் யானைக்கன்றுகளைப்போல் அலைநீரில் முதுகு நனைத்துக் கிடக்கவும், தென்னைகள் ஒருபுறமாகச் சாய்ந்து அடுத்த வீட்டுப் பேச்சுக்குச் செவிகொடுப்பனபோல் நிற்கவும், ஞாயிற்றுக்கிழமை விடியலின் வெண்பொன் ஒளி முதலில் கோயிற் கோபுரத்துச் சிலுவையில் இறங்கி, பின் மணலிற் கவிழ்த்த வள்ளங்களின் அடிவயிற்றைத் தடவி, உலர்ந்துகொண்டிருந்த வலைகளின் கண்தோறும் நுழைந்து வெளிவந்து, முடிவில் கோயிலின் வண்ணக் கண்ணாடிகளில் சிவப்பும் நீலமுமாக உடைந்து பெண்களின் வரிசைமேல் விழுந்துகிடந்த வேளை. அவ்வரிசையின் நான்காம் இருக்கையில், புடவைத் தலைப்பை நெற்றிவரை இழுத்துவிட்டு, கால்கள் இரண்டும் பாய்மரக் கயிறுபோல் விறைக்க அமர்ந்திருந்தாள் இசபெல் என்னும் நாற்பத்தோர் அகவை நிறைந்த மீன் விற்கும் பெண்.

திருப்பலி முடிந்ததும் உபதேசியார் ஞானையன் எழுந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மணமக்களின் பெயர்களை ஊருக்கு அறிவிக்கும் ஓலையைக் கையிலெடுத்தார். மூன்று ஞாயிறு தொடர்ந்து ஓலை வாசித்து, தடை சொல்வார் இல்லாதபோதே அங்குத் திருமணம் நடக்கும்.

“முதல் ஓலை. இந்தப் பங்கைச் சேர்ந்த மரியதாசன் மகள் இசபெலுக்கும்” என்று அவர் தொடங்க, இருபது ஆண்டுகளுக்கு முன்பே மணமானவளின் பெயர் ஓலையில் வந்தது கேட்டுக் கோயில் முழுவதும் ஒரே தலையாகத் திரும்பிற்று. “‘மறுமுனைக் குரல்’ என்னும் கதைப் புத்தகத்துக்கும், எழுதியவர் என்னும் உறவு ஏற்படுத்தத் தீர்மானம் ஆகியிருக்கிறது. இதற்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் வெளிப்படுத்தக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.”

ஆண்கள் பக்கத்தில் இசபெலின் கணவன் ஏசுஅடிமை, செய்ய வேண்டியதைச் செவ்வனே செய்து முடித்தவனுக்குரிய மலர்ச்சியோடு அமர்ந்திருந்தான்.

இது விளைந்த வகை கேளும். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், மீன்கூடையை இறக்கிவைத்த இடைவேளைகளில் எழுதிய முதற்கதையை ஓர் இதழுக்கு அனுப்பியபோது, வீட்டு வரியும் மின்கட்டணச் சீட்டும் எரிவாயு இணைப்பும் கணவன் பெயரில் இருக்கக் கதை மட்டும் வேறு பெயரில் இருப்பது முறையன்று எனக் கருதி, இசபெல் அதன் அடியிலும் ஏசுஅடிமை என்றே எழுதினாள். பின் எழுதிய பதினேழு கதைகளும் அவ்வாறே சென்றன. பெண்ணின் உள்ளத்தைப் பெண்ணினும் நன்கறிந்த ஆண் என அவன் புகழ், அவன் ஆழ்கடலில் படகோட்டிக்கொண்டிருந்த நாள்களிலும் கரையில் வளர்ந்தது. உடன் தொழில் செய்வோர் அவனைத் தனியே அழைத்துப்போய், “அண்ணே, எனக்க வீட்டுக்காரி மூணு நாளா மிண்டல்ல, வாயே தொறக்கல்ல. என்னவா இருக்கும்?” என்று கேட்பர். “ஆலோசிச்சுச் சொல்லுதேன்” என்று வீட்டுக்கு வந்து இசபெலிடம் கேட்டு, திரும்பிப் போய்ச் சொல்வான். இவ்வகையில் செப்பம் பெற்ற குடும்பங்கள் பதினொன்று.

கேடு வந்தது ஒரு கல்லூரி மேடையில். பெண்மொழி பற்றி உரையாற்றுமாறு அழைக்கப்பெற்ற ஏசுஅடிமை, வியர்வை ஆறாய்ப் பெருக எழுந்து, தனக்குத் தெரிந்த ஒரே பொருளாகிய அயிலைமீன் எம்மாதத்தில் எத்திசைக்கு நகரும் என்பதை முக்கால் மணிநேரம் விளக்கினான். அவையோர் அதனைப் பெண்ணின் புலம்பெயர்வைக் குறித்த உருவகமெனக் கொண்டு எழுந்து நின்று கைதட்டினர், இருவர் அழுதனர்.

அன்று வீடு வந்தவன், “ஏட்டி இசபெலே, போதும். கடல்ல முங்கிச் சாவேன், மேடையில சாவமாட்டேன். புத்தகம் போடுகோம்ணு கடிதாசி வந்திருக்குல்லா? உனக்க பேரையே போடு” என்றான்.

“எனக்க பேரா? ஊரு என்ன சொல்லும்?”

“எழுதினவ பேரைப் போடுகதுக்கு ஊருகிட்ட என்ன கேக்க?”

அவள் அஞ்சியதன் பொருளை அவன் அறியான். மாதத்தில் இருபது நாள் கடலிற் கிடப்பவன் எழுதினால் அது கற்பனை. அதே சொல்லை மீன்சந்தையில் உடனமர்ந்து வெற்றிலை மெல்லுபவள் எழுதினால் அது ஒட்டுக்கேட்டது. ஆண் எழுதியபோது உவந்த ஊர், தன் வீட்டுக் கதவிடுக்கில் இருந்தது ஒரு பெண்ணின் கண் என்றறிந்தால் உவக்குமோ?

எழுதியவர் இன்னார் என ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் சான்று பெற்றனுப்புமாறு பதிப்பாளர் கேட்டிருந்தார். ஏசுஅடிமை உபதேசியாரிடம் போனான். இரு பெயர்களை இணைத்துச் சான்று தருவதற்கு ஞானையனிடம் ஒரே ஒரு படிவந்தான் இருந்தது. நாற்பது ஆண்டுப் பழக்கத்தால் அவர் கை அதையே நிரப்பியது. நிரப்பியதை வாசிக்காமல் வைக்கும் வழக்கம் அவரிடத்தில் இல்லை.

முதல் ஓலைக்குப் பின் வந்த நாள்களை இசபெல் முள்மேல் நடந்தே கழித்தாள். ஏலம் கூறும் இடத்தில் அவள் தலை தென்பட்டதும் பெண்களின் பேச்சு, கல்லெறிந்த குளத்துத் தவளையொலிபோல் அறுந்தது. ஒருத்தி, “பாத்துப் பேசுங்கட்டி, நாளைக்கு அச்சுல வரும்” என்றாள். சிரித்தவர் ஒருவரும் இலர். ஆயினும் அவள் அஞ்சியது இவர்களை அன்று. அடுத்த வீட்டு ராகேலை.

ராகேலின் கணவன் அரபு நாட்டில் வேலை செய்பவன். ஒவ்வொரு நாளும் பொழுது சாயும் வேளையில் அவள் மொட்டைமாடியில் நின்று, அலைபேசியைக் காதில் வைத்து, ஊர் கேட்க அவனோடு சிரித்தும் சினந்தும் பேசுவாள். துணி எடுக்கத் தன் மாடிக்குப் போன ஒரு நாள், அந்த அலைபேசி உயிரற்று இருண்டு கிடந்ததை இசபெல் கண்டாள். யாரிடமும் சொல்லவில்லை, கதையாக எழுதினாள். அக்கதையே நூலின் பெயர்க்கதை. அதைப் படித்து ராகேல் கண்ணீர் வடித்ததும், “அண்ணனுக்கு இதெல்லாம் எங்கேருந்து வருகு மைனி?” என்று வியந்ததும் உண்டு.

முதல் ஓலை வாசித்த மாலையிலிருந்து அந்த மாடியில் எவரும் ஏறவில்லை. ஒவ்வொரு பொழுதும் இசபெல் அடுக்களைச் சாளரத்தின் வழியே அண்ணாந்து பார்த்தாள். கொடியிற் காய்ந்த ஒரு துணியன்றி வேறெதுவும் அசையக் காணாள்.

இரண்டாம் ஓலை வாசித்த மறுநாள், தெருக்குழாயடியில் ராகேல் குடத்தை வைத்துவிட்டு, நீர் விழுவதையே பார்த்தபடி கேட்டாள். “மைனி, அந்த மாடிக்கதையில உள்ளவ எந்த ஊருக்காரி?”

“கதைதானே மக்கா.”

“அண்ணன் எழுதினப்ப கதை. அண்ணன் தூரமா எங்கயோ போனப்ப கண்டிருப்பாருண்ணு நெனச்சேன். என்னைப் போல இன்னொருத்தி எங்கயோ உண்டும்ணு நெனச்சேன். என்னைக்காவது அவளைத் தேடிப் போவணும்ணு வச்சிருந்தேன்.” குடம் நிரம்பி வழிந்தது. “இப்ப அவளும் இல்ல.”

பதினெட்டுக் கதை எழுதிய இசபெலின் கை, வழிந்த குடத்தைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்ததோடு அமைந்தது. அன்றே இசபெல் உபதேசியாரிடம் ஓடி, ஓலையை நிறுத்திவிடுமாறு வேண்டினாள்.

“தொடங்கின ஓலையை நிறுத்தணும்னா ரெண்டு பேரும் வந்து எழுதித் தரணும், மோளே.”

“ரெண்டாமத்த ஆளு யாரு?”

“புத்தகம்” என்றார் ஞானையன், சிரிக்காமல்.

மூன்றாம் ஞாயிறு வந்தது. வாசித்து முடித்து, தடை அறிந்தோர் உளரோ என ஞானையன் கண்ணாடிக்கு மேலாக நோக்க, பெண்கள் வரிசையின் பின்புறத்தில் ஓர் இருக்கை கிறீச்சிட்டது. ராகேல் எழுந்து நின்றாள். இசபெல் கண்களை மூடிக்கொண்டாள்.

“தடை உண்டு” என்றாள் ராகேல். “மாடியில நின்னு பேசுகவ நான்தான். அந்தப் பக்கம் ஆளில்ல. நாலு வருசமா ஆளில்ல. மைனிக்க பேரு வரட்டு. ஆனா கதையில எனக்குச் செலின்ணு பேரு போட்டிருக்கு. மாத்தி, ராகேல்ணே போடணும். அவ பேரு வருமானா எனக்க பேரும் வரணும். அதுதான் தடை.”

அதன்பின் நிகழ்ந்தது நம்புதற்கு அரிது. ஆயினும் மேற்சொன்ன மூன்று கடல்களும் நினைவிருக்கட்டும். கரை உடைந்த குளம்போல் பெண்கள் வரிசை எழுந்தது. ஐந்தாம் கதையில் அடுப்பை அணைத்துவிட்டுப் படிக்க அமர்பவள் தானே என்றாள் ஒருத்தி. மூன்றாம் கதையில் தாலியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு விடியலில் நீந்தப் போகிறவள் தானே என இருவர் ஒருங்கே வழக்கிட, திங்கள் முதல் புதன்வரை ஒருத்தியும் எஞ்சிய நாள்களில் மற்றவளும் என உபதேசியார் தீர்த்துவைத்தார். எக்கதையிலும் இடம்பெறாத இருபத்துமூவர், தம்மை விட்டது என்ன நேர்மை என்று இசபெலைச் சூழ்ந்து கடிந்தனர். ஆண்கள் பக்கத்தில் எழுந்தவர் ஒருவருமில்லை. தாம் எக்கதையில் எவ்வாறு வருகிறோம் என்று எண்ணிப்பார்த்து அமர்ந்தே இருந்தனர்.

தடை நீங்கியதென ஞானையன் அறிவிக்க, கோயில் மணி முழங்க, துறையிற் கிடந்த படகுகள் ஆளின்றியே சங்கொலித்தன. திருமணப் பதிவேட்டில் இசபெல் ஒப்பமிட்டாள். நூலுக்குக் கையில்லாமையால் அதன் இடத்தில் ஏசுஅடிமை ஒப்பமிட்டான்.

அன்று பொழுது சாய்கையில் ராகேல் மீண்டும் மாடியேறினாள். அலைபேசியைக் காதில் வைத்தாள். அப்பொழுது அடுத்த மாடியில், துணிக்கொடிக்கு இப்புறமிருந்து, தன் அலைபேசியைக் காதிலணைத்தபடி இசபெல் சொன்னாள்: “சொல்லு மக்கா. கேக்குதேன்.”

தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்ளுதல் எளிதென்று எண்ணுவோர், அதை ஒருமுறையேனும் பிறர் கேட்கச் சொல்லிப்பார்த்திலர். சொன்னவளுக்கு மறுமுனையில் ஒரு செவி வேண்டும். அச்செவி வாய்க்குமளவும் எத்தனை மாடிகளில் எத்தனை பெண்கள் இருண்ட அலைபேசியோடு நிற்பரோ, எவர் எண்ணினார்?

‘மறுமுனைக் குரல்’ அச்சேறி ஈராண்டாகிறது. நாகர்கோவில் கடைகளில் இன்றும் கிடைக்கும். பதிவேட்டின் படியைச் சான்றாகப் பெற்ற பதிப்பாளர், நூலின் இடத்தில் இருந்த ஒப்பத்தையே எழுதியவர் பெயராகக் கொண்டார்; நூலின் அட்டையில் உள்ள பெயர், ஏசுஅடிமை.